மதிலில் கிடக்கும் மாமரக் கொப்பு: செயின்சோவை நானே எடுக்கலாமா?

#1 தெஹிவளைத்தம்பி (சனி, இரவு 8.40)

எல்லோருக்கும் வணக்கம். போன கிழமை அடித்த காற்றில் எங்கள் வளவு மாமரத்தின் பெரிய கொப்பு ஒன்று கிழிந்து சாய்ந்துவிட்டது. அடிப்பக்கம் இன்னும் மரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுப்பகுதி ஆறடி மதிலில் படுத்திருக்கிறது. நுனி பக்கத்து வீட்டு முற்றத்தின் மேல் தொங்குகிறது. தடிப்பு ஓரடிக்குக் கொஞ்சம் குறைவு.

மரம் வெட்டுகிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். சொன்ன தொகையைக் கேட்டுத் தலை சுற்றியது. நண்பர் ஒருவரிடம் 58 சீசீ செயின்சோ (இன்ஜினில் ஓடும் சங்கிலி வாள்) இருக்கிறது, 22 அங்குலப் பட்டை (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு). பெயர் இல்லாத ரகம், இரண்டாம் கையாக வாங்கியது. தருகிறேன் என்கிறார். நான் இதுவரை செயின்சோ பிடித்ததில்லை. வீடியோக்கள் பார்த்திருக்கிறேன். நாளைக்கே செய்து முடிக்கலாமா? என்னென்ன கவனிக்க வேண்டும்?

#2 கொட்டாஞ்சேனைக்காரன் (சனி, இரவு 9.05)

செய்யலாம் தம்பி. இதற்கெல்லாம் பயந்தால் எப்படி? மதிலில் ஏணியைச் சாத்தி, கீழே ஒருவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மேலேயிருந்து துண்டு துண்டாக இறக்குங்கள். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான். அரை நாள் வேலை.

#3 மரவேலைமணி (சனி, இரவு 9.50)

தம்பி, நாளைக்கு ஒன்றும் செய்யாதீர்கள். #2 சொன்ன ஏணி யோசனையை முதலில் மறந்துவிடுங்கள்.

செயின்சோவை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். ஏணியில் நிற்கிறவனுக்கு ஏணியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. அதோடு, வெட்டி முடிகிற நொடியில் கொப்பின் பாரம் குறைந்து மீதிப் பகுதி மேலே எழும்பும், வெட்டிய துண்டு கீழே ஆடி வரும். இரண்டில் ஒன்று ஏணியில் இடிக்கும். கீழே பிடித்துக்கொண்டு நிற்கிறவர் எங்கே ஓடுவார்?

தோளுக்கு மேலே செயின்சோவைத் தூக்கி வெட்டக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. உங்கள் கொப்பு ஆறடி மதிலின் மேல் கிடக்கிறது. அதாவது, இப்போது அது கிடக்கிற நிலையில் அது உங்கள் வேலையே இல்லை. நிலத்துக்கு வந்த பிறகு உங்கள் வேலையாகலாம். இந்தப் பிரிப்பை மனத்தில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு கதைப்போம்.

ஒரு கேள்வி: அந்த நுனிக்குப் பக்கத்தில் கரண்ட் வயர் ஏதும் போகிறதா?

#4 தெஹிவளைத்தம்பி (சனி, இரவு 10.10)

போகிறது ஐயா. தூணிலிருந்து பக்கத்து வீட்டுக்கு வரும் வயர், நுனி இலைகளிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி. கறுப்பு உறை போட்ட வயர்தான்.

#5 மரவேலைமணி (சனி, இரவு 10.25)

அப்படியென்றால் முதல் வேலை தொலைபேசி. பில்லில் மின்சார சபை என்று இருந்தால் 1987க்கு அடியுங்கள். லெகோ (மற்ற மின் விநியோகக் கம்பனி) என்றால் இலக்கம் பில்லிலேயே இருக்கும். வெயிலில் கிடந்து வெடித்த உறையை நம்ப முடியாது, ஈரக் கொப்பு கரண்டைக் கடத்தும். 230 வோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம், ஆளைக் கொல்ல அது தாராளம். அவர்கள் வந்து பார்த்து, தேவையென்றால் இணைப்பைத் துண்டித்த பிறகுதான் அந்தக் கொப்பை யாரும் தொட வேண்டும், கயிறு கட்டுகிற ஆட்கள் உட்பட.

#6 கொட்டாஞ்சேனைக்காரன் (ஞாயிறு, காலை 7.15)

ஐயா, வயர் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். மற்றதெல்லாம் கொஞ்சம் கூடுதலாகப் பயமுறுத்துகிறீர்கள். வெட்டுகிற பொடியன்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்போடு, ஒற்றைக் கையால் வெட்டுவதை நான் தினமும் பார்க்கிறேன். ஒன்றும் ஆகவில்லையே.

#7 வார்ட்டக்கா (ஞாயிறு, காலை 8.30)

ஆகாதவர்களை நீங்கள் தெருவில் பார்க்கிறீர்கள் தம்பி. ஆனவர்களை நான் வார்ட்டில் பார்க்கிறேன். தாதியாகச் சத்திரசிகிச்சைப் பிரிவில் வேலை.

செயின்சோ வெட்டு கத்தி வெட்டு மாதிரி இருக்காது. கத்தி ஒரு கோடு போடும். இது சதையை அகலமாக அள்ளிக்கொண்டு போய்விடும், தைப்பதற்கு இரண்டு ஓரங்கள் இருக்காது. உள்ளே மரத்தூள், ஒயில், உடுப்பின் நூல் எல்லாம் கிடக்கும். கூடுதலாகக் காயப்படுவது கால், அதிலும் இடது தொடையும் முழங்காலும். அடுத்தது இடது கை.

அதனால் தனியாக வெட்டவே கூடாது. கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும், ஆனால் வாளுக்குக் கிட்ட இல்லை. சுத்தமான தடித்த துணி அல்லது பெரிய பான்டேஜ் சட்டைப் பையிலேயே இருக்கட்டும், வீட்டுக்குள் அலுமாரியில் இருந்து பயனில்லை. வெட்டுப்பட்டால் துணியை வைத்துப் பலமாக அழுத்துங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதற்கு மேலேயே இன்னொன்றை வையுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கோப்பித்தூள் போடுகிற வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஏற்புத் (டெட்டனஸ்) தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்றும் யோசித்துப் பாருங்கள்.

#8 மரவேலைமணி (ஞாயிறு, காலை 10.00)

நன்றி அக்கா. இடது பக்கம் ஏன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. எல்லா செயின்சோவும் வலது கை பின்பிடியில், இடது கை முன்பிடியில் இருக்கும்படி செய்யப்பட்டவை. இடக்கைக்காரருக்கும் அதே பிடிதான். வாள் இறங்கி ஆடினால் முதலில் சந்திப்பது இடது காலை.

தம்பிக்கு இப்போது உதைப்பு என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். இது விளங்காமல் யாரும் அந்த மெசினை இழுத்து ஸ்டார்ட் பண்ணக் கூடாது.

சங்கிலி பட்டையின் மேல் பக்கத்தில் உங்களைவிட்டு முன்னால் ஓடுகிறது, நுனியில் வளைந்து இறங்கி, கீழ்ப் பக்கத்தில் உங்களை நோக்கி வருகிறது. கீழ்ப் பக்கத்தால் வெட்டினால் வாள் மரத்துக்குள் இழுபடும். மேல் பக்கத்தால் வெட்டினால் உங்களை நோக்கித் தள்ளும். இரண்டும் சமாளிக்கக் கூடியவை. நுனி வட்டத்தின் மேல் கால்பகுதி இருக்கிறதே, அது எதிலாவது பட்டால் பல் மரத்தில் கடித்து நிற்க, இன்ஜினின் வேகம் முழுக்கப் பட்டையைத் தூக்கி உங்கள் முகத்தை நோக்கி எறியும். கண் இமைப்பதற்குள் நடந்து முடிந்துவிடும். யோசித்து விலகுவதற்கு நேரம் கிடையாது.

அதனால்தான் பிடியும் நிலையும் முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும். இடது பெருவிரல் முன்பிடியைச் சுற்றிக் கீழே போக வேண்டும், மேலே மற்ற விரல்களோடு கிடக்கக் கூடாது. இடது முழங்கை நேராக இருக்கட்டும். தலையும் உடம்பும் பட்டை ஓடும் கோட்டுக்கு இடப்பக்கம் விலகி நிற்கட்டும், நேர் பின்னால் நிற்காதீர்கள். நுனி எங்கே இருக்கிறது என்று கண் எப்போதும் பார்க்க வேண்டும். மரத்துக்கு அந்தப் பக்கம் மறைந்து நிற்கிற இன்னொரு கொப்பில் நுனி தட்டித்தான் முக்கால்வாசி உதைப்பும் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கேதான் நண்பரின் 22 அங்குலப் பட்டை எனக்குப் பிடிக்கவில்லை. ஓரடி மரத்துக்கு 14 அல்லது 16 அங்குலம் போதும். மிச்சம் நீட்டிக்கொண்டு நிற்கிற பட்டையின் நுனி எதைத் தட்டுகிறது என்று புதிதாகப் பிடிக்கிறவருக்குத் தெரியாது.

#9 அரம்பிடித்தவன் (ஞாயிறு, பகல் 12.20)

பஞ்சிகாவத்தைப் பக்கம் சின்ன இன்ஜின்கள் திருத்துகிறவன் நான். அந்த மெசினை வாங்குவதற்கு முன் நிலத்தில் வைத்துப் பாருங்கள்.

முன்பிடிக்கு முன்னால் நிற்கிற கைக்காப்புதான் சங்கிலி பிரேக். ஸ்டார்ட் பண்ணி, பிரேக்கை விடுவித்து, திரொட்டிலைக் கொடுத்துச் சங்கிலி ஓடும்போது, கையைப் பிடியிலிருந்து எடுக்காமல் மணிக்கட்டால் அந்தக் காப்பை முன்னால் தள்ளுங்கள். சங்கிலி உடனே நிற்க வேண்டும். மெதுவாக ஓடி ஓடி நின்றால் அந்த மெசின் எனக்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். அப்புறம், திரொட்டிலை விட்ட பிறகும் சங்கிலி ஊர்ந்துகொண்டே இருந்தால் ஐட்லிங் கூட அல்லது கிளட்ச் போய்விட்டது. பின்பிடியின் மேல் இருக்கிற பூட்டை அழுத்தாமல் திரொட்டில் அமுங்கக் கூடாது. சங்கிலி அறுந்தால் பிடிக்கிற சின்னக் கொக்கி பட்டைக்குக் கீழே இருக்கிறதா பாருங்கள். இரண்டாம் கை மெசின்களில் அது உடைந்துதான் வரும், யாரும் மாற்றுவதில்லை.

ஒயில் இரண்டு வகை என்பதும் சிலருக்குத் தெரியாது. பெற்றோலோடு கலப்பது டூ ஸ்ட்ரோக் ஒயில். 1:50 என்றால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், 1:25 என்றால் 40. நல்ல பெயருள்ள மெசின்கள் பெரும்பாலும் 1:50 கேட்கும், இந்த மாதிரி ரகங்களில் பலதுக்கு 1:25 என்று போட்டிருக்கும். புத்தகம் அல்லது மூடியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். கார் இன்ஜின் ஒயிலைக் கலக்காதீர்கள். கலந்த பெற்றோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். 2022இல் கேனில் பெற்றோல் வாங்க முடியாமல் பட்ட பாட்டில் சிலர் பழசைச் சேமித்து வைத்து ஊற்றினார்கள், காபரேற்றர் கழற்றியே எனக்குக் கை வலித்தது.

மற்ற டாங்க் சங்கிலிக்கு. கழிவு ஒயில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் இரும்புத்தூள் கிடக்கும், பம்ப் போய்விடும். தோலுக்கும் நல்லதில்லை, அது முகத்தில்தான் தெறிக்கும். சங்கிலிக்கு ஒயில் வருகிறதா என்று பார்க்க, நுனியை ஒரு வெள்ளை மட்டைக்கு மேலே கொஞ்சம் தள்ளிப் பிடித்து வேகம் கொடுங்கள். மெல்லிய ஒயில் கோடு விழ வேண்டும்.

#10 பற்றறிப்பிரியன் (ஞாயிறு, பகல் 1.45)

இவ்வளவு கரைச்சல் எதற்கு? பற்றறி செயின்சோ வாங்கினால் சத்தமும் இல்லை, உதைப்பும் இல்லை, பெற்றோலும் இல்லை.

#11 மரவேலைமணி (ஞாயிறு, பகல் 2.30)

பெற்றோல் இல்லை, சரி. சத்தம் குறைவு, அதுவும் சரி. பெற்றோல் வாள் நூறு டெசிபலுக்கு மேல் போகும், காதடைப்பான் இல்லாமல் வேலை செய்த எங்கள் தலைமுறை இப்போது டீவியைச் சத்தமாக வைத்துப் பார்க்கிறது.

உதைப்பு இல்லை என்பது தவறு. பட்டை நுனி அதே நுனிதான், பல் அதே பல்தான். பற்றறி வாளும் உதைக்கும். அது மட்டுமில்லை, சத்தம் போடாமல் நிற்பதால் அணைந்திருக்கிறது என்று நினைத்துக் கையை வைப்பார்கள். சங்கிலியைத் தொடுவதற்கு முன் பற்றறியைக் கழற்ற வேண்டும். வயர் பூட்டும் ரகம் என்றால் வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பாருங்கள், மழைக்குள் எடுக்காதீர்கள், வயரைத் தோளுக்குப் பின்னால் போட்டு வெட்டுங்கள்.

ஆனால் வருடத்தில் ஒரு தரம் கொப்பு வெட்டுகிற வீட்டுக்காரருக்கு 14 அங்குலப் பற்றறி வாள் நல்ல தெரிவு என்பதை நானும் சொல்வேன்.

#12 கொட்டாஞ்சேனைக்காரன் (ஞாயிறு, மாலை 4.10)

சரி ஐயா, தோற்றேன். ஆனால் செயின்சோ பிடிக்கிறவர்கள் போடுகிற அந்தத் தடித்த பாதுகாப்புக் காற்சட்டையைக் கொழும்பு வெக்கையில் எப்படிப் போடுவது? ஐந்து நிமிடத்தில் மயங்கி விழுந்துவிடுவார். ஜீன்ஸ் போதாதா?

#13 வார்ட்டக்கா (ஞாயிறு, மாலை 5.00)

ஜீன்ஸ் போதாது. ஓடுகிற சங்கிலிக்கு ஜீன்ஸ் ஒரு பொருட்டே இல்லை. சாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

#14 மரவேலைமணி (ஞாயிறு, மாலை 6.15)

வெக்கை உண்மைதான், அதைத் தள்ளிவிட முடியாது. வியர்த்துக் களைத்தவன் பிழை விடுவான். அதற்கு வழி, முன்பக்கம் மட்டும் மறைக்கிற கால்காப்பு. பின்னால் வார் போட்டுக் கட்டுவது, காற்றுப் போகும். உள்ளே நீளமான நார் அடுக்குகள் இருக்கும். சங்கிலி வெளித்துணியைக் கிழித்ததும் அந்த நார்கள் வெளியே வந்து பல்சக்கரத்தில் சுற்றிச் சங்கிலியை நிறுத்திவிடும். முதல் வகுப்பு என்று போட்டிருந்தால் நொடிக்கு 20 மீற்றர் வேகச் சங்கிலிக்குச் சோதித்தது. பெரிய வாள்கள் அதைவிட வேகமாக ஓடும், மின்சார வாள்களின் இழுவையை அது நிறுத்தும் என்று உறுதியும் இல்லை. போட்டிருப்பதால் வெட்டே படாது என்று நம்ப வேண்டாம். காலோடு போகிற வெட்டு தோலோடு நிற்கலாம், அவ்வளவுதான்.

காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்துவிடுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை மெசினை அணைத்துத் தண்ணீர் குடியுங்கள். கம்பி வலை முகமறைப்புள்ள ஹெல்மெட், காதடைப்பான், முன்பக்கம் இரும்பு வைத்த சப்பாத்து. கழுத்தில் துவாய் போடாதீர்கள்.

#15 பச்சைமதில் (ஞாயிறு, இரவு 8.00)

சட்டப் பக்கம் யாரும் சொல்லவில்லை. மாமரம் என்பதால் பெரிய தொல்லை இல்லை. பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வருகின்றன. சொந்த வளவில் நின்றாலும் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். வெட்டிய மரத்தை லொறியில் ஏற்றுவதானாலும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

செயின்சோவுக்கும் கதை உண்டு. சட்டவிரோத மரம் வெட்டலைத் தடுக்க என்று 2019 தொடக்கத்தில் செயின்சோக்களைப் பதிவு செய்யச் சொல்லி அரசாங்கம் அறிவித்தது. இரண்டாம் கையாக மாறிய மெசின் என்றால் நண்பரிடம் பதிவுத் துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.

மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டாரிடம் முதலில் பேசுங்கள். வெட்டும் நேரம் அவர்கள் முற்றத்தில் பிள்ளைகள் இருக்கக் கூடாது. தெருவோர மரம் என்றால் நீங்கள் தொடவே வேண்டாம், மாநகர சபைக்குச் சொல்லுங்கள். 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் பஸ் மீது மரம் விழுந்து ஐந்து பேர் இறந்ததற்குப் பிறகு, ஆபத்தான மரம் என்று சொன்னால் கொஞ்சமாவது காது கொடுக்கிறார்கள்.

#16 தெஹிவளைத்தம்பி (ஞாயிறு, இரவு 9.30)

எல்லோருக்கும் நன்றி. இப்படி யோசிக்கிறேன்: மின்சார சபைக்குச் சொல்லி, மரம் வெட்டுகிறவர்களிடம் கயிறு கட்டி நிலத்துக்கு இறக்கித் தர மட்டும் எவ்வளவு என்று கேட்பது. நிலத்தில் கிடப்பதை நானே துண்டாக்குவது. அது சரிவருமா ஐயா? நிலத்தில் வெட்டும்போதும் பட்டை இறுகிப் பிடித்துக்கொள்ளுமாமே?

#17 மரவேலைமணி (திங்கள், காலை 6.10)

அதுதான் சரியான வழி. துண்டாக்கி அள்ளிக்கொண்டு போகிற நேரத்துக்குத்தான் அவர்கள் கூடுதல் காசு கேட்பார்கள்.

பட்டை இறுகுவது பாரம் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் வெட்டுவதால். இரண்டு முனையும் தாங்கி நடு தொங்கிக் கிடக்கிற கொப்பில் மேல்பக்கம் நெருங்கியிருக்கும், கீழ்ப்பக்கம் இழுபட்டிருக்கும். மேலேயிருந்து மூன்றில் ஒரு பங்கு மட்டும் வெட்டி நிறுத்துங்கள். மிச்சத்தைக் கீழேயிருந்து மேல்நோக்கி வெட்டி முதல் வெட்டோடு சேருங்கள். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை அந்தரத்தில் நின்றால் எல்லாம் மறுதலை. கீழே மூன்றில் ஒன்று, பிறகு மேலேயிருந்து முடிக்க வேண்டும். நெருங்கிய பக்கம் முதலில், கொஞ்சமாக. இழுபட்ட பக்கம் கடைசியில், மெதுவாக. மேலே எந்தப் பக்கம் வாய் பிளக்கிறது என்று பார்த்துக்கொண்டே வெட்டினால் பாரம் தானாகவே தெரியும்.

வில் மாதிரி வளைந்து மாட்டிக்கிடக்கிற சின்னக் கிளைகளைச் சின்னது என்று நினைக்காதீர்கள். ஒரே வெட்டில் அறுத்தால் முகத்தில் அடிக்கும். வளைவின் உள்பக்கத்தில் மெல்ல மெல்லச் சீவி இறுக்கத்தைத் தளர்த்துங்கள், நீங்கள் அது நிமிர்கிற பாதையில் நிற்க வேண்டாம்.

அப்படியும் இறுகிவிட்டால் மெசினை அணைத்துவிட்டு, அலவாங்கால் கொப்பை நெம்பித் தூக்கி எடுங்கள். ஓடவிட்டு இழுக்காதீர்கள். ஆப்பு வைப்பதானால் மர ஆப்பு அல்லது பிளாஸ்டிக், இரும்பு வேண்டாம்.

இன்னும் ஒன்று. வெட்டுகிற இடத்துக்குக் கீழே வேறொரு கட்டையை வைத்து உயர்த்துங்கள். சங்கிலி மண்ணைத் தொட்டால் ஒரு நொடியில் மழுங்கிவிடும். கொழும்பு வளவு மாமரம் என்றால் துணி காயப்போடுகிற கம்பி, ஊஞ்சல் ஆணி எதையாவது விழுங்கியிருக்கும். மரப்பட்டையில் நீலக் கறுப்புக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு, அந்த இடத்தை விட்டு வெட்டுங்கள்.

ஸ்டார்ட் பண்ணும்போது நிலத்தில் வைத்து, பிரேக் போட்டு, பின்பிடிக்குள் வலது காலை மிதித்து இழுங்கள். கையில் தொங்கவிட்டு இழுப்பது பார்க்க ஸ்டைலாக இருக்கும், அவ்வளவே. பெற்றோல் ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீற்றராவது தள்ளி வந்து ஸ்டார்ட் பண்ணுங்கள், சூடான இன்ஜினில் ஊற்றாதீர்கள்.

#18 அரம்பிடித்தவன் (திங்கள், காலை 9.00)

துண்டு துண்டாகச் சீவல் பறந்தால் சங்கிலி கூர். மாவாகத் தூள் கொட்டினால் மழுங்கிவிட்டது, அப்போது நீங்கள் அழுத்தி வெட்டப் பார்ப்பீர்கள், அங்கேதான் பிசகும். உங்கள் மெசினில் .325 பிட்ச் (சங்கிலிக் கண்ணிகளின் இடைவெளி அளவு) சங்கிலி இருந்தால் 4.8 மில்லிமீற்றர் வட்ட அரம், சின்ன மெசின்களின் 3/8 லோ புரொபைலுக்கு 4.0. உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ளுங்கள், திரும்பி வரும்போது தூக்கிவிடுங்கள். பல்லில் இருக்கிற கோட்டின் சரிவிலேயே அரத்தைப் பிடியுங்கள், அநேகமாக 30 பாகை. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை இழுப்பு. பல்லுக்கு முன்னால் நிற்கிற மேடு பல்லைவிட 0.65 மில்லிமீற்றர் அளவு தாழ்ந்திருந்தால் போதும். வேகமாக வெட்டட்டும் என்று அதைக் கூடுதலாக அராவுகிறவர்களின் மெசின் மற்றதைவிட மோசமாக உதைக்கும்.

#19 தெஹிவளைத்தம்பி (சனி, பகல் 11.40)

வேலை முடிந்தது. மின்சார சபை ஆட்கள் புதன் வந்து வயரைக் கழற்றிவிட்டு, பின்னேரம் மறுபடி பூட்டித் தந்தார்கள். அதற்கிடையில் மூன்று பேர் கயிறு போட்டுக் கொப்பை எங்கள் பக்கம் இறக்கினார்கள். முதலில் கேட்டதில் பாதிக்கும் குறைவு. நண்பரின் மெசினில் பிரேக் தள்ளினால் சங்கிலி நிற்கவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவரும் இனி எடுக்க மாட்டாராம். 16 அங்குல மெசின் ஒன்றையும் கால்காப்பையும் வாடகைக்கு எடுத்து இன்று காலை துண்டாக்கினேன். மதிலின் மேல் ஓடு இரண்டு உடைந்ததுதான் நட்டம்.

#20 கொட்டாஞ்சேனைக்காரன் (சனி, பகல் 12.30)

நல்ல விஷயம் தம்பி. மணி ஐயா, எங்கள் வளவில் பட்டுப்போன தென்னை ஒன்று நிற்கிறது, நாற்பதடி இருக்கும். ஏணி போட மாட்டேன், பயப்பட வேண்டாம். அடியில் வாய் வெட்டி ஒரு பக்கம் சாய்க்கலாமா?

#21 மரவேலைமணி (சனி, மாலை 5.20)

நாற்பதடித் தென்னை என்றால் சுற்றி எண்பதடிக்கு வெறும் நிலம் வேண்டும். கொட்டாஞ்சேனையில் அப்படி ஒரு வளவு இருந்தால் எனக்கும் காட்டுங்கள்.

தென்னைக்கு மற்ற மரங்களின் கணக்கு பொருந்தாது. மற்ற மரத்தில் விட்டத்தில் நான்கில் ஒன்று வாய் வெட்டி, பின்வெட்டில் (வாய்க்கு எதிர்ப்பக்கத்து வெட்டு) பத்தில் ஒரு பங்கை அறுக்காமல் விட்டால் அது கீல் மாதிரி நின்று மரத்தை வழிநடத்தும். தென்னையின் பலம் வெளிச்சுற்றில், நடு மென்மை. பட்டுப்போனது என்றால் நடு உக்கிப் பொடியாகியிருக்கலாம், கீல் பிடிக்காது, எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடியாது. இன்ஜின் அதிர்வுக்கே வட்டு (உச்சிக் கொண்டை) உடைந்து தலையில் விழுவதும் உண்டு. சங்கிலியும் சீக்கிரம் மழுங்கும்.

பட்ட தென்னையில் ஏறுவதற்கும் தெரிந்தவர்கள் யோசிப்பார்கள். பக்கத்தில் உறுதியான மரம் இருக்கிறதா, தூக்கிலொறி உள்ளே வருமா என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். படம் ஒன்று போடுங்கள், அடிமரத்தையும் வட்டையும் கிட்ட எடுத்து. மழைக்குள் நிலம் நனைந்திருக்கிறது, அதுவரை அந்தப் பக்கம் வாகனம் நிறுத்த வேண்டாம்.